தரையில் ஆடும்போது

நேயர்களுக்கு வணக்கம். பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னை சங்கமத்தைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். 2007-ல் தொடங்கிச் சில வருடங்கள் நடந்த விழா, 2011-க்குப் பிறகு நின்றுபோனது. 2023 பொங்கலுக்கு ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. அந்த வருடம் நகரத்தில் 18 இடங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல், கடற்கரை எல்லாம் அதில் உண்டு. கரகம், காவடி, பறை, தெருக்கூத்து, பொய்க்கால் குதிரை எதைப் பார்க்கவும் டிக்கெட் கிடையாது. கலைஞர்களுக்குக் கலை பண்பாட்டுத் துறை சம்பளம் கொடுக்கிறது. அது சரியாகக் கைக்கு வந்துவிட்டால், இலவசமாகப் பார்க்கிறோமே என்று நாம் கூச வேண்டியதில்லை.

நான் பார்த்தது பெசன்ட் நகரில். ஆட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஓரமாக, சிமென்ட் தரையில், பொய்க்கால் குதிரைக்காரர் ஒருவர் உட்கார்ந்து காலில் கட்டை கட்டிக்கொண்டிருந்தார். பாதம் வைக்க ஒரு பலகை, அதற்குக் கீழே ஓரடி உயரத்துக்குக் கட்டை. துணி நாடாவைக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை இறுக்கிச் சுற்றினார். இன்னொருவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தாரே தவிர, நிற்கவில்லை. டக், டக் என்று கால் மாற்றிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கட்டைமேல் ஏறிவிட்டால் சும்மா நிற்க முடியாது, அடி வைத்துக்கொண்டே இருந்தால்தான் விழாமல் இருக்கலாம். குதிரைக் கூட்டைத் தோளில் மாட்டிவிட்டார்கள். எடை கூடியதும் அந்த டக் டக் கொஞ்சம் வேகமானது. நையாண்டி மேளம் அந்த வேகத்தை அப்படியே பிடித்துக்கொண்டது.

தாளம் மேளத்தில் பிறந்து காலுக்குப் போகிறது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்றைக்கு அது கட்டையில் பிறந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன். இந்த ஆட்டங்களுக்கு உயரமான மேடை வேண்டாம் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான். தரையில் ஆடட்டும், ஜனம் சுற்றி நிற்கட்டும். மேடை உயர உயர, கட்டையின் சத்தம் ஸ்பீக்கருக்குள் அமுங்கிப்போகும்.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒரு பையன் போகவில்லை. ஏழு வயது இருக்கும். யாரோ குடித்துப் போட்ட இளநீர் மட்டை இரண்டைக் கவிழ்த்துப் போட்டு, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஏற முயன்றான். சறுக்கினான். மறுபடி ஏறினான்.

எனக்கு நற்றிணையின் 95-ஆவது பாட்டு நினைவுக்கு வந்தது. குழலும் பல வாத்தியங்களும் முழங்க, ஆடுமகள் ஒருத்தி முறுக்கிய கயிற்றின்மேல் நடந்திருக்கிறாள். அவள் நடந்த அதே கயிற்றில் ஒரு குரங்குக்குட்டி தொங்கி ஆடுகிறது. அதைப் பார்த்த குறவர் வீட்டுச் சிறுவர்கள் பாறைமேல் ஏறி, எம்பி எம்பிக் குதித்துத் தாளம் கொட்டுகிறார்கள். கயிற்றில் நடந்தவளுக்குப் பாட்டில் இடம் கொஞ்சம்தான். குட்டிக்கும் பிள்ளைகளுக்கும்தான் நிறைய. புலவர் ஆட்டக்களத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்! கட்டைக்கால் ஆட்டமும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் மரக்கால் ஒன்று. அசுரர்கள் பாம்பும் தேளுமாக வந்தபோது, அவற்றை மிதித்து நசுக்கக் கொற்றவை மரக்கால்மேல் ஆடியதாகக் கதை.

அந்த ஆடுமகளின் வழியில் வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கழைக்கூத்தாடி என்று சொல்கிறோம். சாலையோரம் இரண்டு பக்கமும் மூங்கிலை நட்டுக் கயிறு கட்டி நடப்பார்கள். நாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் பத்து ரூபாய் போட்டுப் போய்விடுகிறோம். இப்படிப்பட்ட விழாக்களில் அவர்களுக்கும் ஒரு திடல், ஒரு பெயர்ப்பலகை, ஒரு நாள் சம்பளம் வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஆனால் கயிற்றில் பெரியவர்கள்தான் நடக்க வேண்டும், கீழே மெத்தை போட்டிருக்க வேண்டும். சாலையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் எட்டு வயதுப் பெண் குழந்தையை. அவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவள். இதில் எனக்கு இரண்டு மனது கிடையாது.

சரி, அந்தப் பையனிடம் வருகிறேன். குதிரைக்காரர் தரையில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முழங்காலுக்குக் கீழே நாடா பதிந்த தடம் வரிவரியாகச் சிவந்திருந்தது. பையன் இளநீர் மட்டையை விட்டுவிட்டு அவரிடம் போனான்.

“அண்ணா, இதைத் தொடலாமா?”

அவர் ஒரு கட்டையைத் தூக்கி அவன் மடியில் வைத்தார். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் ஒரு ஓரமாகத் தேய்ந்து சாய்ந்திருந்தது. இன்னொரு கட்டை அவ்வளவு தேயவில்லை. ஏன் என்று கேட்டான்.

“இந்தக் காலுக்குத்தான் வேலை ஜாஸ்தி, தம்பி” என்றார்.