நாப்பழக்கமும் செவிப்பழக்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுவின் உறுப்பினர்களே, ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே, காலையிலிருந்து வடை சுட்டுக்கொண்டிருக்கும் மகளிர் குழுவினரே, இந்தக் கீழ்த்தளத்தில் நாற்காலிகளை அடுக்கித் தந்த இளைஞர்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். யாரேனும் விடுபட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். மறதியைப் பற்றிப் பேச வந்தவனே மறந்துவிட்டான் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

மூளையின் நலத்தைக் காக்கும் ஐந்து அன்றாடப் பழக்கங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: நடை, உணவு, உறக்கம், செவி, பேச்சு. 'சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்' என்று நான் ஏறும் மேடைகளிலெல்லாம் சொல்வது உங்களுக்குத் தெரியும். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு சாப்பிடுகிறவனுக்கு வேலை கொடுக்க வேண்டாமா?

நடையையும் உணவையும் மருத்துவர் விளக்குவார். இரத்த அழுத்தத்தையும் இனிப்பு நீர் நோயையும் கட்டுக்குள் வைத்திருந்தால் மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் காக்கப்படும் என்பதை மட்டும் சொல்லி, பாலும் சர்க்கரையும் சேர்க்காத தேநீரான 'தே ஓ கொசோங்' குடித்துப் பழகுங்கள் என்று கேட்டுக்கொண்டு மேலே செல்கிறேன்.

நம் சிங்கப்பூர் மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி, 2013இல் இங்கே 60 வயதைத் தாண்டியோரில் 10 விழுக்காட்டினருக்கு இருந்த 'டிமென்ஷியா' எனும் முதுமை மறதி நோய், 2023இல் 8.8 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. 'லேன்செட்' மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல், நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காட்டு முதுமை மறதியைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. அந்தப் பதினான்கில், நாம் யாரும் பொருட்படுத்தாத ஒன்று காது கேளாமை.

என் பெரியம்மா அங் மோ கியோவில் மகனோடு இருக்கிறார். "சாவி எங்கேம்மா?" என்று மகன் கேட்டால், "காபியா? இப்பதானே குடிச்சேன்" என்பார். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டதென்று வீடே முடிவு கட்டிவிட்டது. பிறகு யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. பரிசோதித்துப் பார்த்ததில் குறை காதில் இருந்தது. கருவி வாங்கிக் கொடுத்தார்கள். பெரியம்மா அதை மைலோ டின்னுக்குள் போட்டு மூடிவிட்டார். "கிழவிங்க போடறது அது" என்றார். அவருக்கு அப்போது வயது 81!

அந்த டின்னைத் திறக்க வைத்தவன் தொடக்கநிலை நான்கில் படிக்கும் பேரன். தமிழ் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்ய வீட்டில் வேறு ஆள் இல்லாததால் பாட்டியிடம் வந்தான். அவன் பேசுவது புரியாமல், வேறு வழியின்றிக் கருவியை மாட்டிக்கொண்டார். "நேற்று நான் பல்லிக்குப் போனேன்" என்றான் பேரன். "பள்ளிக்கூடம் போனியா, பல்லியைப் பார்க்கப் போனியா?" என்றார் பாட்டி. லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாடு அந்தக் காதில் மறுபடியும் விழுந்த நாள் அது! இப்போது தினமும் மாலையில் இருவருக்கும் வகுப்பு. தேக்கா சந்தையில் மீன் வாங்கிய கதையெல்லாம் அதில் பாடம். செந்தமிழ் நாப்பழக்கம்தான், ஆனால் அதற்கு முன்னே ஒரு செவிப்பழக்கமும் வேண்டும் என்று என் பழமொழியை அன்று நீட்டிக்கொண்டேன்.

ஹைதராபாத்தில் முதுமை மறதி கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களிடம் நோயின் அறிகுறிகள் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கின. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அப்படியே. எல்லா ஆய்வுகளும் இதே முடிவைத் தரவில்லை என்பதையும் மறைக்கவில்லை; மருத்துவர் தலையசைக்கிறார். ஆனால் நம் நிலையைப் பாருங்கள். சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 2010இல் ஏறத்தாழ 42 விழுக்காடு. 2020இல் ஏறத்தாழ 59. நம்மிடம் இரண்டு மொழிகள் இருந்தும், ஒன்றை மைலோ டின்னுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

ஆகவேதான் சனிக்கிழமை மாலைகளில், இதே கீழ்த்தளத்தில், தாத்தா பாட்டிகள் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொல்லும் ஒரு மேசை வேண்டுமென்று மூன்றாண்டுகளாக மன்றாடி வருகிறேன். தலைவர் சிரிக்கிறார், அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொள்கிறேன். உறக்கத்தைப் பற்றிச் சொல்ல நேரமில்லை; பின்வரிசையில் இருவர் அதைச் செய்தே காட்டிக்கொண்டிருக்கிறார்கள். வடை மேசைக்கு அருகே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். கதை சொல்ல விரும்புவோர் பெயர் எழுதிவிட்டு வடையை எடுத்துக்கொள்ளுங்கள். காதுக் கருவி வைத்திருப்போர் அடுத்த சனிக்கிழமை அதை மாட்டிக்கொண்டு வாருங்கள். நன்றி, வணக்கம்.