குடும்ப குரூப்புக்குள் போகிற பதிவு

(மதுரையில் கல்யாண ஏற்பாட்டாளர்கள், மண்டபக்காரர்கள், அலங்காரம், சமையல், போட்டோ வேலை செய்பவர்கள் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

உங்களை எல்லாம் ஒரே அரங்கில் உட்கார வைக்க ஆடி மாதத்தால் மட்டும்தான் முடியும். வைகாசியில் கூப்பிட்டிருந்தால் இந்த மைக் செட்காரர்கூட வந்திருக்க மாட்டார். அதனால் ஆடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நம் தொழிலில் ஆடி என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் மாதம் என்று நினைக்கிறோம். சோஷியல் மீடியாவைப் பொறுத்தவரை இதுதான் சீசன். ஆவணி முகூர்த்தத்துக்கு ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் இப்போது கடைசி நேரக் கேள்விகளோடு இருக்கின்றன. தைக்குப் பேசி முடித்த வீடுகள் மண்டபம் தேடுகின்றன. இரண்டு கூட்டமும் போனைக் கையில் வைத்திருக்கிற நேரத்தில், நம் பக்கங்களோ ஆனி மாதக் கல்யாணப் படத்தோடு தூங்குகின்றன. நிக்காஹ், சர்ச் கல்யாணம் எடுத்து நடத்துகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்களுக்கு ஆடி கிடையாது. ரமலானும் தவக்காலமும் உண்டு. ஓய்வு மாதம் எல்லோருக்கும் இருக்கிறது, அதில் என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

சரி. உங்கள் பக்கத்தில் கடைசியாக நன்றாக ஓடிய ஒரு மேடை அலங்காரப் படத்தை எடுத்து, லைக் போட்டவர்கள் யார் என்று பாருங்கள். சேலத்திலிருந்து ஒரு டெக்கரேட்டர், கோவையிலிருந்து ஒரு மேக்கப் ஆர்ட்டிஸ்ட், நாலு போட்டோகிராபர், உங்கள் மச்சான். பெண்ணைக் கட்டிக் கொடுக்கப் போகிற அம்மா அதில் இருக்க மாட்டார். அவர் லைக் போடும் ஆள் இல்லை. ஆனால் அட்வான்ஸ் யாருக்கு என்று முடிவு செய்வதில் அவருக்குத்தான் முதல் ஓட்டு.

நம் ஊரில் கல்யாண முடிவுகள் எங்கே நடக்கின்றன? குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில். பெண் இன்ஸ்டாகிராமில் ஒன்றைப் பார்க்கிறாள், அம்மாவுக்கு அனுப்புகிறாள். அம்மா குரூப்பில் போடுகிறார். சித்தி இதயம் போடுகிறார். சித்தப்பா "எவ்வளவாம்?" என்கிறார். சிங்கப்பூரிலிருந்து மாமா, "இதெல்லாம் எதுக்கு, நம்ம பழைய ஆளையே வைங்க" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுகிறார். இந்தப் பஞ்சாயத்து நடக்கும் இடத்தில் நீங்களும் நானும் இல்லை. நம் பதிவு மட்டும்தான் அங்கே போக முடியும். எந்தப் பதிவு போடலாம் என்று யோசிக்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் ஒரே கேள்வி, 'இதை ஒரு பெண் தன் அம்மாவுக்கு அனுப்புவாளா?' என்பதுதான்.

இது என் ஆசைக்குச் சொல்வது இல்லை. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில் வெளிப்படையாகவே சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள், இந்த மூன்றும்தான் முக்கியம். அதிலும் நம்மை ஏற்கெனவே பின்தொடராத ஆட்களிடம் போய்ச் சேர, அனுப்புவதற்கு மதிப்பு கூடுதல். புது வாடிக்கையாளர் என்றாலே நம்மைப் பின்தொடராத ஆள்தானே. பணம் கொடுத்து ஃபாலோயர் வாங்குவதும், "ஐந்து பேரை டேக் செய்தால் பரிசு" என்பதும் இந்தக் கணக்கில் எதற்கும் உதவாது. பரிசுக்கு வந்தவர்கள் பரிசோடு போவார்கள்.

அப்படியானால் எதை அனுப்புவார்கள்? வீட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சண்டையை. பந்தியா, பஃபேயா? ரிசப்ஷன் முதல் நாள் சாயங்காலமா, முகூர்த்தம் முடிந்த கையோடா? மேடைக்கு அசல் பூவா, துணிப்பூவா? மாப்பிள்ளை அழைப்புக்குக் கோயிலிலிருந்து ஊர்வலமா, மண்டப வாசலிலேயே முடித்துக்கொள்ளலாமா? நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் என்ன செலவு, எத்தனை ஆள் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று நேர்மையாக ஒரு நிமிடத்தில் சொன்னால் போதும். அது நேராகக் குரூப்புக்குப் போகும்.

பந்தியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் நம்மிடம் இருக்கும் சரக்கிலேயே இதுதான் ஒன்றாம் நம்பர், இதைத்தான் நாம் படமே எடுப்பதில்லை. எடுத்தாலும் பலகாரம் நிரம்பிய இலையை மேலேயிருந்து ஒரு போட்டோ, முடிந்தது. பரிமாறும் வரிசையை எடுங்கள். காலி இலை, நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைக்கும் கை. ஓரத்தில் உப்பு, ஊறுகாய், அப்புறம் இனிப்பு, கூட்டு, பொரியல் என்று ஒவ்வொன்றும் விழும் இடம். பின்னணியில் பந்தியை நடத்துகிறவரின் குரல்: "அந்தக் கடைசி இலைக்கு அப்பளம் வரல பாரு." இதை எழுதி வைத்துப் பேச வைக்க முடியாது, பந்தியில் நின்றால்தான் கிடைக்கும். கீழே ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: உங்கள் ஊரில் பாயசம் எப்போது?

அவ்வளவுதான், ஊரே வந்துவிடும். சில வீடுகளில் இலையில் முதல் சொட்டே பாயசம்தான். நாஞ்சில் நாட்டுக்காரர்கள் பாயசத்தை இலையிலேயே விட்டு, பழத்தையும் பப்படத்தையும் பிசைந்து அடிக்கிற விஷயத்தைச் சொல்ல வருவார்கள். இன்னொருவர் "டம்ளரில் கொடுக்கிறதெல்லாம் ஒரு பாயசமா" என்பார். அதற்கு ஒருவர் சண்டைக்கு வருவார். எல்லோருக்கும் பதில் போடுங்கள். "எங்கள் பாட்டி சொல்வார்" என்று எழுதியவருக்கு, "பாட்டி எந்த ஊர்?" என்று கேளுங்கள். அந்த உரையாடலைப் படிக்கிறவருக்கு ஒரு விஷயம் புரியும்: இவர்களுக்கு நம் ஊர்ச் சாப்பாடு தெரியும். எந்த விளம்பரத்தாலும் இதைச் சொல்ல முடியாது.

இதே மாதிரிதான் சடங்குகளும். கொங்குப் பக்கம் வேலை செய்கிறவர்கள், கல்யாணச் சீர்களை நடத்தி வைக்கும் ஓர் அருமைக்காரரை உட்கார வைத்து, மாப்பிள்ளையின் சகோதரி செய்கிற இணைச்சீர் எதற்கு என்று இரண்டு நிமிடம் பேசச் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளர்ந்த கொங்குப் பிள்ளைகளுக்கு அதுதான் தேவை. அவர்கள் வீட்டு ஆட்கள் அதை வருடக்கணக்கில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஊஞ்சல், நலங்கு, காசி யாத்திரை, அம்மி மிதிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் என்னென்ன பொருள் எடுத்து வைக்க வேண்டும் என்ற பட்டியலைத் தனித்தனிப் படமாகப் போடலாம். கல்யாணக் காலையில் "மஞ்சள் தடவிய தேங்காய் எங்கே?" என்று ஓடாத வீடு உண்டா?

முகூர்த்த நாள் பட்டியல் இன்னொன்று. டிசம்பரில் புதுக் காலண்டர் வந்ததும், வளர்பிறை, தேய்பிறை பிரித்து, கண்ணாடி போடாமல் படிக்கிற அளவு எழுத்தில், கீழே சின்னதாக உங்கள் பெயரோடு ஒரே படமாகப் போடுங்கள். ஆனால் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் நேரம் வேறுபடும். எதிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால், கமெண்டில் ஜோசியர்கள் உங்களை விட மாட்டார்கள். அதுவும் ஒரு வகையில் கூட்டம்தான் என்று நினைக்காதீர்கள். தப்பான தேதியில் நம்பிக்கை போனால் திரும்ப வராது.

மதுரையில் நின்றுகொண்டு பூவைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெயர் எல்லோருக்கும் தெரியும், விலைதான் தெரியாது. முகூர்த்த நாளுக்கு முன்தினம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கிலோ என்ன விலைக்கு ஏறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால்தான், நாம் கொடுக்கிற எஸ்டிமேட் ஏன் அப்படி இருக்கிறது என்று வீட்டுக்காரர்களுக்குப் புரியும். அதிகாலையில் எப்படியும் அங்கே போகிறீர்கள். தராசு, சாக்கு, அன்றைய விலை, அவ்வளவையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வையுங்கள். 24 மணி நேரத்தில் தானாகப் போய்விடும் என்பதால் அன்றன்றைய விலைக்கு அதுதான் சரியான இடம். நாலு நாள் தொடர்ந்து வைத்தால் ஐந்தாம் நாள் "இன்னிக்கு என்ன விலை?" என்று அவர்களே கேட்பார்கள். இதைவிடச் செலவில்லாத வேலை எனக்குத் தெரியவில்லை.

மாலை கட்டுகிறவர், போட்டோகிராபர், நாதஸ்வரக்காரர் எல்லோரையும் பெயரோடு காட்டுங்கள். இன்ஸ்டாகிராமில் கொலாப் வசதி 2021 முதல் இருக்கிறது. ஒரே பதிவு இரண்டு பேர் பக்கத்திலும் வரும். பெயர் போடாமல் அடுத்தவர் வேலையை நம் வேலையாகக் காட்டுகிறவர்கள் இந்த அரங்கிலும் இருக்கலாம், நான் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

விலைக்கு வருவோம். "ரேட் என்ன?" என்று கேட்டால் "டிஎம் செக் பண்ணுங்க" என்று தனி மெசேஜுக்குத் தள்ளிவிடுகிறோம். சித்தப்பா அங்கேயே போய்விட்டார். அவர் குரூப்பில் கேட்டதே அந்த ஒரு கேள்விதான். ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மை. அதனால் ஒரு வரம்பு சொல்லுங்கள்: இந்த மேடை, இத்தனை அடி, இந்தப் பூ, வண்டி வாடகை சேர்த்து, இதிலிருந்து இது வரை. எது சேராது என்பதையும் எழுதுங்கள். ஜெனரேட்டர் டீசல் யார் கணக்கு என்பதில் முறிந்த உறவுகள் எத்தனை! வாட்ஸ்அப் பிசினஸ் 2018இலேயே வந்துவிட்டது. அதில் கேட்டலாக் போடலாம், அடிக்கடி வரும் கேள்விக்குப் பதிலைச் சேமித்து வைக்கலாம். அந்தப் பதில்களைத் தமிழில் எழுதி வையுங்கள். அம்மாவுக்குத்தான் போகப் போகிறது.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. கல்யாணம் நம்முடையது இல்லை, அந்த வீட்டுடையது. படம் போட அனுமதியை அட்வான்ஸ் வாங்கும் தாளிலேயே ஒரு வரியாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் தனியாகக் கேளுங்கள். குழந்தைகள் முகம் வேண்டாம் என்றால் வேண்டாம். நகையை நெருக்கமாகக் காட்டாதீர்கள், மொய் எழுதும் மேசைப் பக்கம் கேமராவே போக வேண்டாம். முக்கியமாக, முகூர்த்தம் நடக்கும்போதே ஊர் பேரோடு லைவ் போடாதீர்கள். மொத்தக் குடும்பமும் இங்கே இருக்கிறது, வீடு பூட்டியிருக்கிறது என்று திருடனுக்கு நாமே சொல்லிக் கொடுப்பதுபோல ஆகும். இரண்டு நாள் கழித்துப் போட்டால் குடி முழுகிவிடாது.

பாட்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவில், மதச் சடங்குகளில் பாட்டு இசைப்பதற்கு விலக்கு இருக்கிறது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் வரும். அதை நம்பி சினிமாப் பாட்டோடு விளம்பர ரீல் போட்டால் சிக்கல்தான். அந்த விலக்கு விழாவுக்கு, நம் விளம்பரத்துக்கு இல்லை. பிசினஸ் கணக்குகளுக்கு இன்ஸ்டாகிராம் பல சினிமாப் பாட்டுகளைத் தராததும் வியாபாரத்துக்குத் தனி உரிமம் வேண்டும் என்பதால்தான். எதற்கு வம்பு? தாலி கட்டும்போது வாசிக்கிற கெட்டிமேளத்தை, வாசிப்பவரிடம் கேட்டுக்கொண்டு, அவருக்குச் சேர வேண்டியதையும் கொடுத்து, நல்ல மைக்கில் பதிவு செய்யுங்கள். அவர் பெயரோடு சொந்த ஆடியோவாகப் போடுங்கள். மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் வீட்டுக் கல்யாண வீடியோவுக்கு வைக்கும்போதெல்லாம் உங்கள் பக்கத்துக்கும் வழி இருக்கும்.

கடைசியாக, கல்யாணம் முடிந்த வீடுகளை அப்படியே விட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள் செய்ய வேண்டும். மறுவீடு, விருந்து என்று அலைகிற ஜோடிக்கு இது ஞாபகமே இருக்காது. ஒரு மாதம் கழித்து, "பத்திரிகை ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? பதிவுக்குப் போயாச்சா?" என்று ஒரு மெசேஜ், கூடவே தாலி கட்டும் நேரத்து நல்ல படம் ஒன்று. அந்தப் பெண் அதையும் குடும்ப குரூப்பில்தான் போடுவாள், அங்கே இன்னும் கல்யாணம் ஆகாத தங்கச்சி இருப்பாள்.

பின்வரிசையில் ஒருவர் ரொம்ப நேரமாகக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார். மைக்கை அவரிடம் கொடுங்கள். அண்ணே, கேளுங்க.