சாவி தொலைந்தால் ஆள் தேய்ந்துவிட்டாரா?

(சென்னை நங்கநல்லூரில் எங்கள் குடியிருப்போர் சங்கம் நடத்திய பட்டிமன்றம். தலைப்பு: வயது ஏற ஏற மனிதன் வளர்கிறானா, தேய்கிறானா? ‘வளர்கிறான்’ அணியில் மூன்றாவதாக நான் பேசியது.)

நடுவர் அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, எதிரே உட்கார்ந்து இன்னும் சிரித்துக்கொண்டிருக்கும் நண்பர்களே, கொசுக்கடியிலும் எழுந்து போகாத நங்கநல்லூர் மக்களே, வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு சாவிக் கதை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். அவருடைய மாமனார் வீட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடினாராம், ஆகவே மனிதன் தேய்கிறானாம். தம்பி, உங்களுக்கு வயது 34. மேடை ஏறுவதற்கு முன்னால் “அக்கா, என் போனுக்கு ஒரு ரிங் விடுங்க, எங்க வெச்சேன்னு தெரியல” என்று என்னிடம்தானே கேட்டீர்கள்? மறுக்கிறாரா பாருங்கள்.

சரி, நடப்பதை நடக்கவில்லை என்று சாதிக்க நான் வரவில்லை. வேகம் குறைகிறது. கண்ணில் பட்டதை மூளை வாங்கி, முடிவெடுத்து, கையை அசைக்கிற வேகம் வயதோடு குறைந்துகொண்டேதான் போகிறது. ஆனால் அந்த இறக்கம் அறுபதில் தொடங்குவதில்லை ஐயா, இளமையிலேயே சத்தமில்லாமல் தொடங்கிவிடுகிறது. வேகம்தான் அளவுகோல் என்றால் எதிரணியினர் எல்லோருமே தேய்ந்துகொண்டிருப்பவர்கள்தான், இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிற அந்தக் கடைசித் தம்பி உட்பட.

இப்போது நம்ம மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கிற டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு வாருங்கள். நான் அங்கேதான் லோயர், ஹையர் இரண்டும் முடித்தேன். மாஸ்டருக்கு இப்போது 71 வயது. விரல் மூட்டெல்லாம் வீங்கியிருக்கிறது, மாடிப்படியில் இரண்டு தடவை நின்றுதான் ஏறுகிறார். ஆனால் மெஷினில் பேப்பரைச் சொருகி உட்கார்ந்துவிட்டால், அந்த ‘டிங்’ சத்தம் வருகிற இடைவெளியில் இருபது வயசுப் பிள்ளைகள் இன்னும் பாதி வரியில் இருக்கும். எப்படி?

இந்தக் கேள்வியை டிமத்தி சால்ட்ஹவுஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் நிஜமாகவே ஆராய்ந்து 1984ல் எழுதினார். 19 வயதிலிருந்து 72 வயது வரையுள்ள டைப்பிஸ்டுகளை உட்கார வைத்தார். வெளிச்சம் வந்ததும் பட்டனைத் தட்டு என்பது போன்ற வேலையில் மூத்தவர்கள் மெதுவாகத்தான் இருந்தார்கள். டைப் அடிக்கச் சொன்னால் வேகத்தில் பின்தங்கவில்லை. காரணம் என்னவென்றால், அவர்களுடைய கண் விரலைவிடக் கூடுதலாகச் சில எழுத்துகள் முன்னே ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து வரப்போகும் எழுத்துகளை மறைத்துக்கொண்டே போனபோதுதான் அவர்களுடைய வேகம் குறைந்தது, இளையவர்களைவிட முன்னதாகவே குறைந்தது.

நானும் போன வாரம் மாஸ்டரிடம் இதைச் செய்து பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை வைத்து, அவர் அடிக்க வேண்டிய தாளில் ஒவ்வோர் எழுத்தாகத் திறந்துகாட்டினேன். நாலாவது வார்த்தையில் கையை எடுத்துவிட்டார். “என்னம்மா இது, கண்ணைக் கட்டிவிட்டு ரோடு கிராஸ் பண்ணச் சொல்ற” என்றார். நடுவர் அவர்களே, விரல் தளர்ந்ததை அவர் கண்ணால் ஈடுகட்டியிருக்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஐம்பது வருஷத்தில் அவருக்கே தெரியாமல் அவரே கற்றுக்கொண்டது. இதைத் தேய்மானம் என்று சொன்னால் வளர்ச்சி என்று எதைச் சொல்வது?

அப்புறம் எதிரணி அக்கா ஒரு கணக்குச் சொன்னார். அறிவுத் திறன் தேர்வு வைத்தால் இருபதுகாரர்கள் அதிகம் வாங்குகிறார்கள், அறுபதுகாரர்கள் குறைவாக வாங்குகிறார்கள் என்று. அக்கா, என் பாட்டி மூன்றாம் வகுப்பு. அம்மா எஸ்எஸ்எல்சி. நான் பிகாம். என் மகள் இன்ஜினியரிங். நான்கு பேருக்கும் ஒரே நாளில் ஒரே தாளைக் கொடுத்து மார்க்கை வயது வாரியாக வரைந்தால் கோடு கீழேதான் இறங்கும். அதை வைத்து என் பாட்டி மழுங்கிவிட்டாள் என்று சொல்வீர்களா? அவளுக்குப் பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்! வார்னர் ஷாய் என்பவர் சியாட்டிலில் 1956ல் ஓர் ஆய்வைத் தொடங்கி, அதே மனிதர்களை ஏழு வருஷத்துக்கு ஒரு தரம் தேடிப்பிடித்துச் சோதித்தார். ஒரே நாளில் எல்லா வயதினரையும் ஒப்பிட்டபோது தெரிந்த சரிவில் பெரும்பகுதி, ஒரே ஆளைப் பின்தொடர்ந்தபோது காணாமல் போனது. சொல்வளம், ஒன்றிலிருந்து ஒன்றை ஊகிக்கும் திறன் எல்லாம் நடுவயது வரை ஏறியிருந்தன. பெரும்பாலான திறன்களில் கணக்கில் எடுக்கும்படியான இறக்கம் அறுபதையொட்டித்தான். வேகம் மட்டும் முன்னாடியே இறங்கியது, அதைத்தான் நான் முதலிலேயே ஒப்புக்கொண்டேனே.

மறதி நோயைப் பற்றியும் பேசினார்கள். அது நோய். நோயை வயதின் கணக்கில் எழுதாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்று அடித்துக் கேட்டாரே எதிரணித் தலைவர், அதற்கு வருகிறேன். என் அப்பா ஒரு காலத்தில் சாம்பாரில் உப்பு கம்மி என்றால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோகிற ஆள். இப்போது 78. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ரசத்தில் உப்பே போடவில்லை. மனிதர் கரண்டியைக் கீழே வைத்து, உப்பு ஜாடியை எட்டி எடுத்து, தானே போட்டுக்கொண்டு, “ரசம் வாசனையா இருக்கு” என்றார். (அம்மாவிடம் கேட்டால், “இப்ப கத்தினா யாரு பயப்படப் போறா” என்கிறாள். அதையும் மறைக்க விரும்பவில்லை.) ஆனாலும் இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. வயது ஏற ஏறப் பொறுப்பும், விட்டுக்கொடுப்பதும், மனம் சட்டென்று குலையாமல் இருப்பதும் சராசரியாகக் கூடுகின்றன என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஐம்பதில் வளைகிறது தலைவரே, எழுபத்தெட்டிலும் வளைகிறது.

வயதானவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால்கூட ‘நீங்க போய்ட்டு வாங்க’ என்கிறார்கள் என்பது அடுத்த குற்றச்சாட்டு. லாரா கார்ஸ்டென்சன் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் இதற்கு வேறு விளக்கம் வைத்திருக்கிறார். அரை மணி நேரம் சும்மா கிடைத்தால் யாரோடு கழிப்பீர்கள், நெருங்கிய சொந்தமா, புதிதாகப் பழகினவரா என்று அவரும் அவருடன் ஆராய்ந்தவர்களும் கேட்டால், மூத்தவர்கள் சொந்தத்தைச் சொன்னார்கள். இளையவர்கள் அப்படி ஒரே பக்கம் சாயவில்லை. ஆனால் ‘நீங்கள் சீக்கிரம் ஊரைவிட்டு வெகுதூரம் போகப்போகிறீர்கள்’ என்று நினைத்துக்கொள்ளச் சொன்னதும் இளையவர்களும் சொந்தத்தின் பக்கம் வந்துவிட்டார்கள். ‘புது மருத்துவத்தால் இன்னும் இருபது வருஷம் கூடுதலாக வாழ்வீர்கள்’ என்றதும் மூத்தவர்களுடைய அந்தச் சாய்வு போய்விட்டது.

ஏர்போர்ட் பக்கத்தில் குடியிருக்கிற நமக்கு இது புரியாதா? வெளிநாடு கிளம்புகிற பையன் கடைசி வாரத்தில் என்ன செய்கிறான்? புது சிநேகிதம் பிடிக்கப் போகிறானா? மாலுக்குப் போகாமல் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் பிசைந்து கொடுக்கிற மோர்சாதத்தைக் கையில் வாங்கிச் சாப்பிடுகிறான். அவனைத் தேய்ந்துவிட்டான் என்கிறோமா? நேரம் கொஞ்சம்தான் என்று தெரிந்த ஆள் செய்கிற தேர்வு அது.

அரசாங்கத்தையும் சாட்சிக்கு அழைக்கிறேன். தமிழ்நாட்டு அரசு ஊழியர் 58ல் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார். 2020ல் அது 59 ஆனது, 2021ல் 60 ஆனது. அந்த ஒன்பது மாதத்தில் ஊழியர்களின் மூளை வளர்ந்தா போனது? வளரவும் இல்லை, அதற்கு முன்னால் 58ல் தேயவும் இல்லை.

கடைசியாக ஒன்று, மணி அடிக்கப் போகிறார்கள் என்று தெரிகிறது. நம்ம வீடுகளில் தினமும் புழங்குகிற ஒரு வாக்கியம்: “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?” ஸ்மார்ட்போன் கேட்டால், பாட்டு கிளாஸ் போகிறேன் என்றால், தனியாக மெட்ரோவில் போகிறேன் என்றால் இதுதான் பதில். பெக்கா லெவி என்ற ஆய்வாளர் 2002ல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் 50 வயது தாண்டிய 660 பேர். தங்கள் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள், மட்டமாக நினைத்தவர்களைவிட ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். உடல்நிலை, வசதி வித்தியாசங்களைக் கழித்த பிறகும் அந்த இடைவெளி நின்றது. நினைப்பு மட்டுமே ஆயுளைக் கூட்டியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எதிரணியினர் இன்று இந்த மைக்கில் முக்கால் மணி நேரம் செய்தது என்ன என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

டைப்ரைட்டிங் மாஸ்டர் அதோ, மூன்றாவது வரிசையில் மஃப்ளரோடு உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை ஏழு மணி பேட்சில் ஒரு மெஷின் காலியாக இருக்கிறதாம். எதிரணித் தலைவர் வரட்டும், பேப்பர் செலவு என்னுடையது.