ஒரு ராத்திரி தங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை கிளம்பி ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்புகிற மாதிரி, கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய் ஆற அமர இருந்துவிட்டு வருவது பற்றி வானொலி நிலையத்தார் பேசச் சொன்னார்கள். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கடல் என்றால் முதலில் திருச்செந்தூர்தான். ஆனால் நாம் போகிற போக்கு இருக்கிறதே! விடியுமுன் வேன் பிடிக்கிறோம். கடலில் முங்கி எழுந்து, நாழிக்கிணற்றில் குளித்து, வரிசையில் நின்று செந்திலாண்டவரைக் கும்பிட்டு, இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே வண்டி ஏறிவிடுகிறோம். சாமியைப் பார்த்தாயிற்று, சரி. கடலை எப்போது பார்த்தோம்? ஒரு ராத்திரி தங்குங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். நடுவில் இதையே திரும்பவும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் ரயிலில் போங்கள். 1923-இல் திறந்த பாதை அது. தாமிரபரணியைத் தாண்டி, பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர் என்று நின்று நின்று போகும். ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கு பார்த்தாலும் வயலும் வாழையும். ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் போக வழியில்லாமல் நின்றதே, அதே ஸ்ரீவைகுண்டம். தங்கள் வீடுகளிலும் வெள்ளக்கவலை இருக்க, பக்கத்து ஊர்க்காரர்கள் பயணிகளுக்குப் பொங்கிப் போட்டார்கள். அதற்கடுத்து நம்மாழ்வாரின் ஆழ்வார்திருநகரி. அப்புறம் நாசரேத், குரும்பூர். பனை கண்ணில் படத் தொடங்கும். ஆறுமுகநேரி வந்தால் உப்பளம். எல்லாம் சேர்த்து 60 கிலோமீட்டர் சொச்சம். காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இதில் பாதி தெரியாது.

இனி கடலுக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் திருச்செந்தூரில் ஒரு விடுதியில் தங்கியிருந்தேன். அடுத்த அறையில் தென்காசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று. முந்தின நாள் மத்தியானம் அவர்கள் வந்து இறங்கியபோது படி வரைக்கும் அலை அடித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கடல் எங்கோ போய் நிற்கிறது. பாசி பிடித்த பாறையெல்லாம் பச்சைப் பசேலென்று வெளியே கிடக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஏறிச் சிப்பி பொறுக்குகிறார்கள். அந்த மனுஷர் செல்போனைப் பார்த்தார். "கடல் உள்வாங்கியது, பக்தர்கள் அச்சம்" என்று செய்தி. அவ்வளவுதான். "ஏளா, பெட்டியக் கட்டு, சுனாமி வரப்போவுது!" என்று பெண்டாட்டியைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்.

பக்கத்தில் சுக்குக்காப்பி விற்கிற ஒரு ஆச்சி. தூக்குச்சட்டியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "என்ன அண்ணாச்சி, நேத்துப் பௌர்ணமில்லா? போன தண்ணி மத்தியானத்துக்குள்ள வந்துரும்லா. காப்பியக் குடிங்க" என்றாள். மத்தியானம் தண்ணீர் படிக்கு வந்துவிட்டது.

ஆச்சி சொன்னதுதான் விஷயம். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் சூரியனும் சந்திரனும் ஒரே நேராக நின்று கடலை இழுக்கின்றன. அதனால் அந்த நாள்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அதிகம் என்றால், நம் கரையில் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை தட்டையாக இருக்கிற இடத்தில் அந்தக் கொஞ்சம் இறங்கினாலே ஏகப்பட்ட பாறை வெளியே தெரியும். ஏறின தண்ணீர் வற்ற ஏறக்குறைய ஆறு மணி நேரம், வற்றினது ஏற இன்னொரு ஆறு மணி நேரம். நாளுக்கு நாள் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிக்கொண்டே போகும். காலையில் வந்து காலையிலேயே திரும்புகிறவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் பார்ப்பது ஒரே ஒரு கடல். தங்குகிறவர் இரண்டு கடல் பார்க்கிறார். அதனால்தான் சொல்கிறேன், ஒரு ராத்திரி தங்குங்கள்.

இதோடு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2004-ஐ நாம் மறக்க முடியாது. மணிக்கணக்கில் மெல்ல இறங்குவது வற்றம். கண்ணெதிரே சில நிமிஷங்களில் கடல் விருட்டென்று பின்வாங்கினால் காப்பியும் வேண்டாம், சிப்பியும் வேண்டாம், மேட்டுக்கு ஓடுங்கள்.

நாழிக்கிணற்றையும் விடக்கூடாது. சூரசம்ஹாரம் முடிந்து படைகளின் தாகம் தீர்க்க முருகன் வேலால் உண்டாக்கியது என்பது ஐதீகம். அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் நல்ல தண்ணீர் நிற்பதற்கு மண்ணிலும் ஒரு வழி இருக்கிறது. மழைத்தண்ணீர் மணலில் இறங்கி, கனமான உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால் கீழே 40 அடி வரை இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டுக் கண்டமேனிக்கு உறிஞ்சினால் அதே கணக்கில் உப்பு மேலே ஏறி வந்துவிடும். கடலோர ஊர்களில் எத்தனையோ கிணறுகள் அப்படித்தான் கெட்டன.

போகும் நாள் பார்த்துப் போங்கள். கந்த சஷ்டி, வைகாசி விசாகம், மாசித் திருவிழாவெல்லாம் பக்திக்கு நல்ல நாள், ஓய்வுக்கு ஆகாது. இப்போது பௌர்ணமி ராத்திரியிலும் மணலில் கால் வைக்க இடமில்லை. கூட்டம் வேண்டாதவர்கள்...

நிலையத்தார் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார். மணப்பாட்டுக்குப் பத்து நிமிஷம் வைத்திருந்தேன், ஒரு நிமிஷம் கூட இல்லை போலிருக்கிறது. வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். மணற்குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோயில், கீழே சவேரியார் தங்கிய குகை. செப்டம்பர் 14 திருவிழா, அதையொட்டிக் கூட்டம் இருக்கும். மற்ற நாளில் சாயங்காலம் அந்தக் குன்றில் போய் உட்காருங்கள். ஆடி மாதம் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும், அப்போது வேண்டாம். பனையோலைப் பெட்டி அங்கே வாங்கலாம். திரும்பும் வழியில் உடன்குடியில் கருப்பட்டி. உவரியில் கப்பல் மாதா கோயில் இருக்கிறது, அதை இன்னொரு நாள் கூப்பிட்டால் சொல்கிறேன். வணக்கம்.