பாட்டியின் விரல்

அன்பான நேயர்களே, கர்த்தருடைய நாமத்தில் உங்களுக்கு ஸ்தோத்திரம்.

எங்கள் வீடு பாளையங்கோட்டைப் பக்கம். ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம் தொடங்கும். பாயை விரித்து உட்கார்ந்து ஆளுக்கொரு வசனமாக வாசிப்போம். எனக்கு அப்போது பத்து வயது. என் முறை வந்தால் குரல் தொண்டையிலேயே நின்றுவிடும். அப்பா, "சரி, அடுத்த ஆள்" என்று விட்டுவிடுவார். பாட்டி விட மாட்டார்கள். "ஏளா, சத்தமா வாசி. கர்த்தருடைய வசனத்தை வாசிக்க என்ன கூச்சம்?" மஞ்சள் கறை படிந்த அவர்கள் விரல் வரியின் மேல் நிற்கும். நான் முடிக்கும்வரை நகராது.

பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஊரில் சொல்லும் சர்ச் பக்கம் போகும்போதெல்லாம் பாட்டி குளோரிந்தா அம்மாளின் கதையைச் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பிராமண விதவை. 1778ல் ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். 1785ல் அந்த ஆலயம் எழும்பக் காரணமாக இருந்தவர். "அந்தக் காலத்துல ஒரு பொம்பளைக்கு எம்புட்டு தைரியம் வேணும்!" என்று பாட்டி ஒவ்வொரு தடவையும் புதிதாக ஆச்சரியப்படுவார்கள்.

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, "உன் பாட்டியாகிய லோவிசாள்", "உன் தாயாகிய ஐனிக்கேயாள்" என்று இரண்டு பேரையும் பெயர் சொல்லி நினைக்கிறார். இரண்டே வசனம் தள்ளி, தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்கிறார். எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. லீஸ்திரா என்ற ஊரில்தான் பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று எண்ணி ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தீமோத்தேயுவை அவர் சந்திப்பதும் அந்த ஊர்ப் பக்கம்தான். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளைக்குச் சிறு வயதிலேயே வேதத்தைக் கற்றுக்கொடுத்து, பிறகு அதே பவுலோடு அவனை ஊழியத்துக்கு அனுப்பவும் அந்த வீட்டுக்கு மனம் இருந்திருக்கிறதே!

எனக்கும் ஒரு நாள் வந்தது. சென்னையில் முதல் வேலை. வராத சரக்கை வந்ததாகக் காட்டும் ரசீதில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பாட்டி அப்போது உயிரோடு இல்லை. ராத்திரி பெரியம்மாவுக்குப் போன் போட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர்கள், முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம், "பொய்க் கையெழுத்து போடாத. வேலை போனா வீட்டுக்கு வா, சோறு இருக்கு" என்றார்கள். போனிலேயே ஜெபமும் பண்ணினார்கள். மறுநாள், "சார், என்னால் முடியாது" என்று சொன்னபோது என் கை நடுங்கியது. குரல் நடுங்கவில்லை.

அந்த வேலை அதற்கப்புறம் நாலு மாதம்தான் நீடித்தது. ஊருக்குத் திரும்பிய அன்று பெரியம்மா ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உலையில் போட அரிசி அளந்தார்கள். அதிலிருந்து ஒரு பிடி எடுத்து, பாட்டி வைத்திருந்த அதே காணிக்கைக் கலயத்தில் போட்டுவிட்டு, "கை கழுவிட்டு வா" என்றார்கள்.