மேட்டில் செவல், பள்ளத்தில் கரிசல்

நேயர்களுக்கு வணக்கம். கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கம் மேட்டில் செவலும், கூப்பிடு தூரத்துப் பள்ளத்தில் கரிசலும் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் இருக்கும் பாறை பல இடங்களில் ஒன்றேதான். மண்ணை இரண்டாக்கியது தண்ணீர்.

நம் சீமைக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். மேட்டில் விழுந்த நீர் பாறையிலுள்ள சுண்ணாம்பையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு இறங்கிவிடும். மேலே தங்குவது இரும்புத் துரு. செவலின் சிவப்பு அதுதான். பள்ளத்தில் அந்த நீர் வடிய வழியில்லை. அங்கே சுண்ணாம்பும் சிலிக்காவும் கூடி, நனைந்தால் பருத்து, காய்ந்தால் சுருங்கும் களி உண்டாகிறது.

சித்திரையில் கரிசல் வெடிப்பில் கை நுழையும். மேல்மண் அதற்குள் உதிரும். மழையில் மண் பருக்கும்போது இடம் போதாமல் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். இடுப்பளவு குழி வெட்டினால், மெழுகியதுபோல் பளபளக்கும் சாய்ந்த முகங்கள் தெரியும்; மண் உரசிய தடங்கள் அவை. கறுப்பாக இருப்பதால் மக்கிய இலைதழை நிறைய என்று நினைத்துவிடக் கூடாது. கரிசலில் அங்ககக் கரிமம் பெரும்பாலும் அரை சதவீதத்துக்கும் கீழே.

அதே குழியில் வெள்ளையாகச் சுக்காங்கல் தட்டுப்படும். வேர் விடும் கரியமில வாயு கலந்த மழைநீர் சுண்ணாம்பைக் கரைக்கும். ஈரம் எட்டும் ஆழத்தில் நீரை வேர் குடித்துவிட, சுண்ணாம்பு அங்கேயே கட்டிதட்டும். பொதுவாக, மழை குறைந்த ஊரில் இந்த அடுக்கு மேலேறி இருக்கும். அதைவிட எளிதில் கரையும் ஜிப்சம் இன்னும் கீழே, உப்பு அதற்கும் கீழே. பாசனத்தால் நிலத்தடி நீர் உயர்ந்தால் உப்பு மேலே வந்து பூக்கும். சாத்தான்குளத்துத் தேரிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அது காற்று குவித்த மணல். இரும்புப் பூச்சுதான் அதன் சிவப்பு.

மண்ணில் எலுமிச்சைச் சாறு பிழிந்து காதருகே வையுங்கள். சீறினால் சுண்ணாம்பு உண்டு. அப்படிப்பட்ட நிலத்தில் நிலக்கடலைக் குருத்து வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புக் குறை. இரும்பு உப்பான அன்னபேதியை மண்ணில் இட்டால் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் கரைத்து, சாயங்காலம் இலையில் தெளியுங்கள். பழுப்பேறிய பழைய அன்னபேதி வேண்டாம்.

களர், அதாவது சோடியம் ஏறிய மண், இருக்கிறதா என்று பார்க்க, காய்ந்த மண்கட்டி ஒன்றை, நெல்லிக்காய் அளவில், ஒரு தம்ளர் மழைநீரில் போட்டு இரண்டு மணி நேரம் அசைக்காமல் விடுங்கள். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக நின்றால் கவலையில்லை. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கினால் சோடியம் ஏறியிருக்கிறது. கிணற்று நீரில் சோதித்தால் ஏமாந்துபோவீர்கள். அதிலுள்ள உப்பு களியைத் திரட்டிக் கலங்கலை மறைத்துவிடும். களரைத் திருத்த இடும் ஜிப்சம் எவ்வளவு என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். இடும் முன் வடிகால் வெட்டுங்கள். இல்லையென்றால் களியை விட்டு விலகிய சோடியம் அதே வயலில்தான் நிற்கும்.