பாத்திரமறிந்து ரத்தம் கொடு

(ஏற்காட்டில் உலக ரத்ததான நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, மருத்துவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, எஸ்டேட்டுகளிலிருந்து வேலை முடித்து வந்திருக்கும் தோழர்களே, சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி என்னோடு வந்த நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். மேடையில் யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும்.

'பாத்திரமறிந்து பிச்சையிடு' என்பார்கள். ரத்த வங்கியில் டெக்னீசியனாக இருந்த காலமெல்லாம் எனக்கு அந்தப் பழமொழிதான் பாடம். இன்று மூன்று விஷயம் பேச வந்தேன்: பாத்திரம், குளிர், கொடுப்பவர் உடல்.

உடம்புக்குள் ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். பைக்குள் வந்துவிட்டால், சேர்க்கும் கரைசலைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோதான் கெடு. வைப்பது 2 முதல் 6 டிகிரி குளிரில். அங்கேயும் அது சும்மா இருப்பதில்லை. சக்தி குறையக் குறைய, நடுவில் குழிந்த தட்டு போலிருந்த அணு முள்முள்ளாகி, உருண்டையாகிறது. சவ்விலிருந்து துளித்துளியாக நுண்குமிழிகளைக் கழற்றி விடுகிறது. ஒரு குமிழி, அணுவின் அகலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு இருக்கும். நாள் ஏற ஏறக் குமிழியும் கூடும்.

அதிலென்ன கெடுதல்? குமிழிக்குள் ஹீமோகுளோபின் இருக்கிறது. ரத்தக்குழாயைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது பிடித்துக்கொள்ளும். குமிழியின் மேல்பரப்போ ரத்தம் உறைய இடம் கொடுக்கும். இதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். 2015இல் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தீவிர நோயாளிகளிடம் பெரிய ஆய்வு நடத்திப் பார்த்தார்கள். புது ரத்தம் பெற்றவர்களுக்கும் வழக்கம்போல் சேமித்து வைத்த ரத்தம் பெற்றவர்களுக்கும் இறப்பில் வித்தியாசம் இல்லை. முறையாக வைத்த ரத்தத்தை நம்பி ஏற்றலாம். முறையாக என்ற சொல்லுக்காகத்தான் இத்தனை தூரம் வந்திருக்கிறேன்.

பாத்திரமறிந்து என்றேனே, பையே ஒரு பாத்திரம். பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் டிஇஎச்பி என்ற பொருள் ரத்தத்தில் கசிந்து, சவ்வைத் தாங்கிப் பிடித்துக் குமிழியைக் குறைக்கிறது. உடம்புக்கு ஆகாது என்று அதைக் கைவிடப் பார்க்கிறார்கள். கைவிட்டால் அணு சீக்கிரம் தளர்கிறது!

பல வருடம் முன்பு, ஒரு மே மாதம். இந்த மலையில் எஸ்டேட் வேலை பார்த்தவர், பிரசவத்தில் ரத்தம் போன மனைவிக்காக ஒரு யூனிட் வாங்கக் கீழே வந்தார். நான் வேலை பார்த்த இடத்தில் ரத்தத்தை எடுத்துப்போகக் குளிர்ப்பெட்டி கிடையாது. நான்தான் பையைக் கொடுத்தேன். ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, மஞ்சப்பைக்குள் அதன்மேலேயே ரத்தப்பையை வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். நிற்க இடமில்லை. யாரோ இரக்கப்பட்டு, "கொடுங்கண்ணே" என்று வாங்கி டிரைவர் பக்கத்து எஞ்சின் பானட்டில் வைத்திருக்கிறார். ஒரு பக்கம் ஐஸ், ஒரு பக்கம் கொதிக்கிற இரும்பு! உறைந்தாலும் அணு உடையும். 50 டிகிரியை நெருங்கினால் துண்டு துண்டாகச் சிதறும். மேலே நர்ஸம்மா பையைப் பார்த்தார், ஏற்ற மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அந்த மனிதர் மறுபடி கீழே வந்து என் முன்னால் நின்றார். வாயில் பேச்சே இல்லை. மீன் கடைக்கு ஓடி ஒரு தெர்மாகோல் பெட்டி வாங்கினேன். கழுவி, அடியில் ஐஸ், மேலே மடித்த துண்டு, அதன்மேல் பை. நானே மடியில் வைத்துக்கொண்டு கூடவே ஏறினேன். அந்த அம்மா பிழைத்தார். ஆனால் அந்த முதல் பை? யாரோ கை நீட்டிக் கொடுத்த ரத்தம் குப்பைக்குப் போனது. பாத்திரமறியாமல் இட்டவன் நான்.

கொடுப்பவர் உடலைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். சேமிப்பை ஒருவர் ரத்தம் தாங்கும் அளவுக்கு இன்னொருவர் ரத்தம் தாங்காது என்பதோடு விடுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். ரத்த வங்கியை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு பையும், வெப்பமானி வைத்த குளிர்ப்பெட்டியில்தான் போக வேண்டும். பெட்டியை அங்கேயே கொடுத்து, திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். கலெக்டருக்கு மனு எழுதி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். கொட்டும் பனியில் வந்திருக்கிறீர்கள், டீயும் அங்கேதான் இருக்கிறது. குடித்துவிட்டு, அப்புறம் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.